இரட்டை ஸ்பேஸ்பார் கீபோர்டு ஆர்டர் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்யும் நான், நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறேன். தமிழக அரசு 1999-இல் ஏற்றுக்கொண்ட இந்த முறையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும், மெய்களில் பெரும்பாலானவை வலக்கைக்கும் வரும். வலக்கைச் சுண்டுவிரல் மட்டுமே ண, ந, ச, ஞ, ய, ழ என்று ஆறு எழுத்துகளைச் சுமக்கிறது. போதாக்குறைக்கு பேக்ஸ்பேஸும் என்டரும் அதே விரலின் தலையில்தான் விழுகின்றன. மார்கழி முதல் அந்த விரலில் வலி விடவே இல்லை.

ஸ்பேஸ்பாரை இரண்டு துண்டாக்கி, இடப்பக்கத் துண்டைப் பேக்ஸ்பேஸாக மாற்றிக் கட்டைவிரலிடம் ஒப்படைப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. கேப்ஸ் லாக்கை என்டராக மாற்றக் கணினியில் ஒரு சிறு மென்பொருளே போதும். ஸ்பேஸ்பாரைப் பிரிக்கவோ, விசை அழுத்தப்படுவதை உணரும் ஸ்விட்சுகள் அடியில் தனித்தனியாக இரண்டு இருந்தாக வேண்டும். ஆகவே ரிச்சி தெருப் பக்கம் ஒரு கடையில், முழுக் கீபோர்டைவிடச் சிறிய 75 சதவீத அளவில், இரட்டை ஸ்பேஸ்பாருடன், ஸ்விட்சுகளைக் கழற்றி மாற்றக்கூடிய ஹாட் ஸ்வாப் வகையில், வியா மென்பொருளில் விசைகளை மாற்றியமைக்கக்கூடிய மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்றை 9,200 ரூபாய்க்குப் பேசி, 5,000 ரூபாயை முன்பணமாக யுபிஐ மூலம் செலுத்தினேன். (அளவு இன்னும் சிறியதாக இருந்தால் மேசையில் இடம் மிச்சம் என்று கடைக்காரர் 40 சதவீத கீபோர்டு ஒன்றையும் காட்டினார். ஆங்கிலத்துக்கு அடைப்புக்குறியாக இருக்கும் விசைகள்தாம் நமக்கு ச, ஞ. அவை இல்லாத கீபோர்டில் தமிழ்99 அடிப்பது வீண் வேலை.)

மூன்று வாரம் கழித்து வாங்கப் போனேன். கடைக்காரர் நோட்பேடில் ஒரு வரி அடித்துக் காட்டினார். விளக்குகள் வண்ண வண்ணமாக ஓடின. நானும் மயங்கி மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். என் தவறு அங்கேதான்.

வீட்டில் குரோம் பிரவுசரில் வியா தளத்தைத் திறந்தபோது, தேர்ந்தெடுக்க வேண்டிய பட்டியலில் என் கீபோர்டே வரவில்லை. ஸ்விட்சைக் கழற்ற முயன்றால், கடையில் கொடுத்த இடுக்கி வழுக்கியதே தவிர அது அசையவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, "புதுசு மேடம், டைட்டா இருக்கும், நல்லா இழுங்க" என்றார் கடைக்காரர். இழுத்ததில் ஒரு ஸ்விட்சின் மேல்மூடி மட்டும் கையோடு வந்துவிட்டது.

எங்கள் தெருவில் மொபைல் சர்வீஸ் செய்யும் தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் அடிப்பக்கத்தைத் திறந்தார். ஸ்விட்சின் கால்கள் செருகி நிற்கும் சாக்கெட் ஒன்றுகூட அங்கே இல்லை. எல்லாக் கால்களிலும் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். இரண்டு ஸ்பேஸ் ஸ்விட்சுகளின் கால்களிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தவர், "அக்கா, ரெண்டும் ஒண்ணுதான், ஒயர் போட்டுச் சேர்த்து வச்சிருக்காங்க" என்றார். ஸ்பேஸ்பார் பார்வைக்குத்தான் இரண்டு. எந்த மென்பொருளைப் போட்டாலும் இவற்றுக்கு வெவ்வேறு வேலை கொடுக்க முடியாது.

"லைட் எரியுது, எல்லா கீயும் வேலை செய்யுது, கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் கிடையாது மேடம்" என்பதே கடையின் பதில். பில் கேட்டபோது எஸ்டிமேட் என்று அச்சிட்ட ஒரு துண்டுச்சீட்டைத்தான் கொடுத்திருந்தார்கள். அதில் 'கேமிங் கீபோர்டு 1' என்பதைத் தவிர வேறு விவரம் இல்லை. ஆனால் பில் கொடுக்காததும், குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைகளே. பொருள் என் கைக்கு வந்து பத்தொன்பது நாள்தான் ஆகிறது.

ஆர்டர் கொடுத்திருப்பவர்கள் மீதிப் பணத்தைக் கொடுக்குமுன் உங்கள் லேப்டாப்பையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஒரு ஸ்விட்சைக் கழற்றித் திரும்பப் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். வியாவில் ஒரு ஸ்பேஸை மட்டும் பேக்ஸ்பேஸாக மாற்றி அடித்துப் பார்த்தபின், கேபிளைக் கழற்றிக் கடைக்காரரின் கணினியில் செருகுங்கள். மாற்றம் கீபோர்டுக்குள்ளேயே பதிவாகியிருந்தால் அங்கும் அது பேக்ஸ்பேஸாகவே வேலை செய்யும். கடைக்காரர் சலித்துக்கொள்வார், சலித்துக்கொள்ளட்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அதில் தீராவிட்டால், நான் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமும் இல்லை. யுபிஐ ரசீதும், 'ஹாட் ஸ்வாப், வியா, ரெண்டு ஸ்பேஸ், ஓகே மேடம்' என்று கடைக்காரர் தம் கைப்பட அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.