அஸ்தம்பட்டி பிரவுசிங் சென்டர்: அந்த அக்காவுக்காகவே போகலாம்

மகளுக்கு பி.ஏ. ஆங்கில இலக்கியம்தான் வேண்டுமாம். அரசுக் கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட அஸ்தம்பட்டியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம்.

கம்ப்யூட்டர் முன் இருந்த அக்கா மார்க் ஷீட்டை வாங்கி, மொத்தத்தைப் பார்க்காமல் நேராக ஆங்கில வரியில் விரலை வைத்தார். "இதுக்கு ரேங்க் லிஸ்ட் தனி பாப்பா. பிளஸ் டூ இங்கிலீஷ் மார்க்கைத்தான் பார்ப்பாங்க" என்றார். அவள் பயாலஜி குரூப். இலக்கியம் தரமாட்டார்களோ என்று நான் ஒரு வாரம் தூங்கவில்லை. எந்தக் குரூப் படித்தவர்களும் சேரலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. மூன்று வருடம், ஆறு செமஸ்டர். நாவலும் கவிதையும் மட்டுமில்லை, தமிழ்ப் பாடமும் துணைப்பாடங்களும் உண்டு என்பதையும் பொறுமையாகச் சொன்னார். எத்தனை பேர் இதையெல்லாம் சொல்கிறார்கள்?

சாதிச் சான்றிதழ் ஸ்கேன் முதலில் மங்கலாக விழுந்தது. கேட்காமலே மறுபடி எடுத்தார், அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. உட்கார ஒரே ஒரு ஸ்டூல்தான், அது ஒரு குறை. அப்புறம், சமர்ப்பிக்கும் முன் பெயரின் இனிஷியலை மகளையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். காலையில் கூட்டம் சேர்வதற்குள் போய்விடுங்கள்.