பட் ஃபாஸ்டரா, கிர்பி ஸ்மார்ட்டா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து இல்லை) டிஃபென்ஸ், அதாவது எதிரணியைத் தடுக்கும் பிரிவின், பயிற்சியாளராகப் பெயர் வாங்கிவிட்டால் அடுத்து ஒரு கேள்வி வரும்: அதே வேலையில் நிலைப்பதா, தலைமைப் பயிற்சியாளராகப் போவதா?

பட் ஃபாஸ்டர் நிலைத்தவர். 1987ல் தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் பீமரோடு வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்கு வந்தார், 2019 சீசன் வரை அங்கேயேதான். நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருது 2006ல் கிடைத்தது, அப்போதும் ஊர் மாறவில்லை. தொழிலாளிகள் கொண்டுபோகும் பழைய தகரச் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றைத் தன் டிஃபென்ஸின் அடையாளமாக்கி, உழைப்பவனுக்குத்தான் இங்கே இடம் என்பதை ஒவ்வொரு தலைமுறைப் பையன்களுக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். பீமர் 2015ல் ஓய்வு பெற்றார், புதிதாக வந்த தலைமைப் பயிற்சியாளரும் ஃபாஸ்டரை விடவில்லை.

கிர்பி ஸ்மார்ட் வேறு வழி. அலபாமா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபனிடம் 2008 முதல் 2015 வரை டிஃபென்ஸைப் பார்த்தார், 2009ல் அதே விருது. அப்புறம், தான் விளையாடிய ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கே தலைமைப் பயிற்சியாளராகப் போய் 2021, 2022 சீசன்களில் அடுத்தடுத்து தேசியப் பட்டம் வென்றார், இரண்டாவது இறுதியாட்டத்தில் டிசியூ (டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) அணியை 65-7 என்று நொறுக்கினார்கள்.

பணமும் பட்டமும் ஸ்மார்ட் போன வழியில்தான், சரி. ஆனால் தலைமைப் பொறுப்பில் ஆள் சேர்ப்பு, நன்கொடையாளர்கள், பத்திரிகையாளர்கள் என்று நாள் கரைந்துவிடும். மைதானத்தில் பையன்களுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் உயிர் என்றால் நான் ஃபாஸ்டர் பக்கம்.