மண்டப புக்கிங்குக்கு இந்த ஓப்பன் சோர்ஸ் காலண்டர் ஆப் சரிவருமா? புது வேர்ஷன் பாவிச்சுப் பாத்தது

கிளிநொச்சியில மண்டபம் வச்சிருக்கிறன், கலியாணம், சாமத்தியவீடு எல்லா புக்கிங்கும் இந்த ஆப்பிலதான். காசில்லை, விளம்பரமில்லை, சிக்னல் இல்லாட்டியும் வேலை செய்யும். ஆனா பழைய வேர்ஷனில முழுநாள் எண்டு ஒரு புக்கிங் போட்டா ரெண்டு நாளா காட்டும். 12ஆந் திகதி கலியாணம் எண்டா 13உம் நிரம்பினமாதிரி நிக்கும், முகூர்த்தநாள் அடுத்தடுத்து வாற மாசங்களில அது என்ன கரைச்சல் எண்டு மண்டபம் வச்சிருக்கிறவையைத்தான் கேக்கோணும்.

ஓப்பன் சோர்ஸ் எண்டா ஆப்பின்ர புரோகிராம் கோட் (code) ஆரும் பாக்கலாம். வவுனியா கம்பஸில படிக்கிற மருமகன் அதைத் திறந்து பாத்திட்டு சொன்னான், முழுநாளை வெறும் திகதியா வைக்காம கிரீன்விச் நேரத்தில நடுச்சாமம் துடங்கி மற்ற நடுச்சாமம் மட்டும் எண்டு சேமிச்சிருக்காம். எங்கட நேரம் 5.30 மணித்தியாலம் முன்னுக்கு, அப்ப விடிய 5.30க்குத் துடங்கி அடுத்தநாள் விடிய 5.30க்கு முடியும், ரெண்டு கட்டத்தில விழாம என்ன செய்யும்? லண்டனில இருந்து எழுதிறவைக்கு மாரிகாலத்தில இது கண்ணில படவே படாது. புது வேர்ஷனில திருத்திட்டினம், ஒருநாள் எண்டா ஒருநாள்தான்.

இன்னொண்டும் திருத்தியிருக்கினம், அதுதான் எங்களுக்கு வினை. முந்தி ஆப் இலங்கைக்கு எப்பவும் 5.30 எண்டே கணக்குப் பாத்தது. இப்ப பழைய நேரமாற்றமும் சேத்திட்டினம்: 1996 மே மாசம் ஒரு மணித்தியாலம் கூட்டி, ஒக்டோபரில அரை மணித்தியாலம் குறைச்சு, 2006 ஏப்ரலிலதான் திரும்ப 5.30க்கு வந்தது. கொழும்புக்கு அது சரி. ஆனா அந்தக் காலம் புலிகளின்ர கட்டுப்பாட்டில இருந்த வன்னிக்குள்ள ஆர் மணிக்கூட்டை மாத்தினது? ஓமந்தை தாண்டி வன்னிக்குள்ள வந்தா அரை மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிறனாங்கள்! 2001இல புதுக்குடியிருப்பில பிறந்த பிள்ளையின்ர பிறந்தநேரம் 6.40 எண்டு ஆப்பில போட்டு வச்சது அப்டேட் பண்ணினாப்பிறகு 7.10 காட்டுது. பொருத்தம் பாக்கிற வீட்டில இது சின்ன விசயமில்லை, லக்கினம் கிட்டத்தட்ட ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாறுறது, அரை மணித்தியாலத்தில ஆளே வேற ஆயிடும்.

இதை பிழை எண்டு அவையளில சொல்லேலாது, நேரவலயப் பட்டியலில இலங்கைக்கு கொழும்பு எண்ட ஒண்டுதான் இருக்குது. அதுக்கு வழி, அந்தப் பழைய பதிவைத் திறந்து நேரவலயத்தை மட்டும் ஏசியா கொல்கத்தா எண்டு மாத்துங்கோ, 6.40 திரும்ப வந்திடும். 2006 ஏப்ரலுக்குப் பிறகு உள்ளதில கை வைக்கத் தேவையில்லை. ஆனா ஒவ்வொண்டா மாத்தோணும், எல்லாத்தையும் ஒரேயடியா மாத்த வசதி இல்லை, அதுக்குத்தான் ஒரு ஸ்டாரை குறைச்சு நாலு குடுக்கிறன்.

மாசக்கடைசியில லீசிங் கட்டுறவை 31 எண்டு போடாதேங்கோ, 31 இல்லாத மாசத்தை அது தாண்டிப் போயிடும். மாசத்தின்ர கடைசிநாள் எண்டு தனியா இருக்குது, அதைத் தெரிவுசெய்யுங்கோ.