16 ஏக்கர் பள்ளமும் ஆளுக்கொரு யோசனையும்

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, நியூயார்க்கில் உலக வர்த்தக மையம் நின்ற 16 ஏக்கரில் என்ன கட்டுவது என்று வருடக்கணக்கில் சண்டை நடந்தது. வந்த திட்டங்களை எடைபோட என்னிடம் ஒரே கேள்விதான்: கோபுரங்கள் சரிந்து கிடந்த அந்தப் பள்ளத்தை என்ன செய்யப் போகிறீர்கள்?

இருந்ததை அப்படியே திரும்பக் கட்டு என்பது முதல் பதில். 110 மாடி, இரட்டைக் கோபுரம். 2005-இல் டொனால்ட் டிரம்ப்கூட இதற்கு ஆதரவாகப் பேசினார். இடித்தவன் பார்க்க எழுப்பிக் காட்ட வேண்டும் என்ற வீம்பு எனக்குப் புரிகிறது. ஆனால் பழைய கோபுரங்களுக்காக 1960-களில் அங்கிருந்த தெருக்களை விழுங்கித்தான் அந்த ஒற்றைப் பெருமனையை உண்டாக்கினார்கள். அந்தத் தப்பையும் சேர்த்தா திரும்பக் கட்டுவது?

2002 ஜூலையில் அதிகாரிகள் வெளியிட்ட ஆறு வரைபடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தாக்குதலுக்கு ஏழு வாரம் முன்புதான் கட்டடத் தொழிலதிபர் லாரி சில்வர்ஸ்டைன் இந்த இடத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருந்தார். இழந்த சுமார் 1 கோடி சதுர அடி அலுவலக இடம் திரும்ப வேண்டும் என்ற கணக்கு ஆறிலும் அப்படியே இருந்தது. கருத்துச் சொல்ல ஜாவிட்ஸ் மாநாட்டு மையத்தில் கூடிய 4,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கிவிட்டார்கள்.

சுவாரசியமான போட்டி 2003 பிப்ரவரியில் வந்தது. ஒரு பக்கம் கட்டடக் கலைஞர்கள் ரஃபேல் வினோலி, ஷிகெரு பான் ஆகியோரின் 'திங்க்' குழு. மறுபக்கம் இன்னொரு கட்டடக் கலைஞர், டேனியல் லிபெஸ்கிண்ட்.

திங்க் குழு மேலே பார்த்தது. பழைய கோபுரங்களின் உருவத்தில் இரண்டு எஃகுச் சட்டங்கள், 1,665 அடி, உள்ளே பெரும்பாலும் காற்று, நடுவே அருங்காட்சியகம். துணிச்சல்தான். ஆனால் எலும்புக்கூடு மாதிரி இருக்கிறது என்ற விமர்சனத்தை அதனால் உதற முடியவில்லை. படத்தைப் பார்க்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

லிபெஸ்கிண்ட் கீழே இறங்கினார். ஹட்சன் ஆற்று நீர் அடித்தளத்துக்குள் வராமல் தடுத்து நிற்கும் நிலத்தடிக் கான்கிரீட் சுவர், தாக்குதலிலும் உடையாமல் தாங்கியது. அந்தச் சுவர் தெரியும்படி பள்ளத்தைத் திறந்தே வைப்போம் என்றார். கூடவே 1,776 அடிக் கோபுரம். அமெரிக்க விடுதலை ஆண்டாம். கேட்டதும் கைதட்டல் வாங்கும் எண். ஒவ்வொரு செப்டம்பர் 11 காலையிலும், முதல் விமானம் மோதிய 8:46 முதல் இரண்டாவது கோபுரம் சரிந்த 10:28 வரை, நிழலே விழாத சதுக்கம் என்றும் சொன்னார். பக்கத்து ஹோட்டலின் நிழல் அங்கே விழும் என்று இன்னொரு கட்டடக் கலைஞர் கணக்குப் போட்டுக் காட்டினார்!

தேர்வுக் குழுவின் சாய்வு திங்க் பக்கம். ஆளுநர் ஜார்ஜ் படாக்கி லிபெஸ்கிண்டைத் தேர்ந்தார். ஜெயித்தவருக்கும் முழுசாகக் கட்டக் கிடைக்கவில்லை. கோபுரம் சில்வர்ஸ்டைனின் கட்டடக் கலைஞர் டேவிட் சைல்ட்ஸ் கைக்குப் போனது. 2014-இல் திறந்த அந்தக் கட்டடத்தில் 1,776 என்ற எண் மட்டும் தப்பிப் பிழைத்தது. கூரையின் உயரம் 1,368 அடி, பழைய வடக்குக் கோபுரத்தின் அதே உயரம். இருந்ததையே திரும்பக் கட்டச் சொன்னவர்களுக்கு ஓர் ஆறுதல் பரிசு!

சரி, பள்ளம்? அங்கே நினைவிடம் அமைக்கத் தனிப்போட்டி வைத்தார்கள். 5,201 வடிவமைப்புகள் வந்தன. வென்ற மைக்கேல் அராட், லிபெஸ்கிண்டின் பள்ளத்தைத் தெரு மட்டம்வரை மூடி, கோபுரங்கள் நின்ற இரண்டு சதுரங்களை மட்டும் வெறுமையாக விட்டார். நான்கு புறமும் 30 அடி ஆழத்துக்கு நீர் விழுகிறது. நடுவில் இன்னொரு குழி, அதன் அடி கண்ணுக்குத் தெரியாது. சுற்றிலும் வெண்கலத்தில் 2,983 பெயர்கள், விரல் நுழையும்படி வெட்டிய எழுத்துகள். இறந்தவரின் பிறந்தநாளில் அந்த வெட்டில் ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகி வைக்கிறார்கள். அலுவலகம் போகிறவர்கூட நடந்துகொண்டே தொட்டுவிட்டுப் போகலாம். 'இங்கே இருந்தது, இப்போது இல்லை' என்பதை இவ்வளவு குறைவாகச் சொன்ன திட்டம் வேறில்லை. என் ஓட்டு இதற்குத்தான்.

லிபெஸ்கிண்டின் சுவரை இடித்துவிடவில்லை. அதன் ஒரு துண்டு கீழே அருங்காட்சியகத்துக்குள் நிற்கிறது. பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும்.