சீனம் பழக: பாட்டா, சீட்டா?

சீனத்திலும் ‘நீ’ என்றால் நீதான். நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, நம் பிள்ளைகளுக்கு மாண்டரின் தொடங்க இதைவிட நல்ல சொல் கிடையாது. அடுத்து எதை எடுப்பது, பாட்டையா, படச்சீட்டு விளையாட்டையா?

பாட்டு சீக்கிரம் ஒட்டும். எண்களும் உறவுப்பெயர்களும் தானாக வாயில் வந்துவிடும். ஆனால் மெட்டு, சொல்லின் தொனியை, அதாவது பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கத்தை, விழுங்கிவிடும். அதுதான் பெரிய இழப்பு.

சீட்டு அங்கேதான் வெல்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 8 துண்டு வெட்டுங்கள். ‘மா’ என்ற ஒலிக்கு 4, ‘தாங்’ என்ற ஒலிக்கு 4. தொனிக்குத் தொனி பொருள் வேறு, அதன் படத்தைத் துண்டில் வரையுங்கள். ‘தாங்’ என்பதை உயரத்தில் சமமாக நீட்டினால் சூப்பு, கீழிருந்து ஏற்றினால் சர்க்கரை, தாழ்த்திச் சொன்னால் படுத்துக்கொள், மேலிருந்து சட்டென இறக்கினால் சூடு. ஒருவர் சொல்ல, மற்றவர் படத்தைத் தொட வேண்டும். தப்பினால் இருவருக்குமே புள்ளி கிடையாது. சர்க்கரை கேட்டவருக்குச் சூப்பு வந்தால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், தொனியும் மறக்காது.

இன்னொரு தடுமாற்றம் மூச்சு. ‘எட்டு’க்கான ‘பா’வில் மூச்சு தெறிக்காது, ‘குப்புறப் படு’ என்பதற்கான ‘பா’வில் தெறிக்கும். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால்தான் குழப்பம். உதட்டுக்கு முன்னால் மெல்லிய தாள் துண்டைப் பிடியுங்கள், இரண்டாவதில் மட்டும் நன்றாக ஆடும். விளவங்கோடு பக்கம் மலையாள எழுத்து படித்த பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல.

எங்கள் தேர்வு: தினம் 10 நிமிடம் சீட்டு. தொனி மனதில் நின்றபிறகு பாட்டு. பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கு மட்டும் பாட்டே முதலில்.