‘தனிக் கல்’ என்று 4,200 ரூபாய் வாங்கிக்கொண்டு மைதா கலந்த தோசை: சீலியாக் பிள்ளை இருப்பவர்கள் கவனிக்கவும்

4,200 ரூபாய். ஆறு பேர் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே கட்டிய பணம். அதில் 300 ரூபாய் குழந்தைக்கென்று ‘தனிக் கல்’லுக்கு. அவளுக்குச் சீலியாக் நோய், கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஆகாது. சென்னையில் சிறுதானிய உணவு என்று பெரிய பலகை மாட்டிய ஒரு ஏ.சி. ஹோட்டல். நேற்று ராத்திரி நடந்தது. என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன், முழுசாகப் படியுங்கள்.

இரண்டு நாள் முன்பே நேரில் போய் சூப்பர்வைசரிடம் சொன்னேன். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் ஆகாது. மாத்திரை போட்டு அடக்குகிற அலர்ஜி இல்லை இது, சிறுகுடலின் உள்சுவரே கெட்டுப்போகும் என்று. அவர் ஆர்டர் சீட்டில் சிவப்புப் பேனாவால் ‘கோதுமை நோ’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து என்னிடம் காட்டினார். “எங்ககிட்ட எல்லாமே கம்பு, ராகி, வரகுதான் மேடம். பாப்பாவுக்குத் தனிக் கல்லு. நீங்க கவலையே படாதீங்க.” அந்த இரண்டு கோட்டை நம்பித்தான் அங்கேயே நின்று 4,200 ரூபாயை அனுப்பினேன்.

கேழ்வரகு தோசை, சாம்பார், மெதுவடை. குழந்தை ஆசையாகச் சாப்பிட்டாள். கை கழுவப் போகும்போது சமையல்கட்டுக் கதவு திறந்திருந்தது. ‘தனிக் கல்’ என்பது நீளக் கல்லின் வலது ஓரம்! இடது ஓரத்தில் ரவா தோசை வெந்துகொண்டிருக்கிறது. மாஸ்டர் தண்ணீர் தெளித்து, ஒரே துடைப்பத்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுக்கிறார். ரவா தோசைப் பொருக்கு அப்படியே வலப்பக்கம் வருகிறது. கேட்டதும் அவர் ஒளிக்காமல் சொன்னார்: “ராகி மட்டும் கரைச்சு ஊத்துனா பிஞ்சு பிஞ்சு வரும்மா. குண்டானுக்கு ரெண்டு கரண்டி மைதா விடுவோம்.” சிவப்பு மை சீட்டு அவர் கைக்கு வரவே இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அலமாரியில் பெருங்காய டப்பா. திருப்பிப் படித்தேன். சேர்மானப் பட்டியலில் முதல் பெயரே கோதுமை மாவு. எது அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்தான். கட்டியானாலும் தூளானாலும் மாவும் கோந்தும் சேர்த்தது. சாம்பார், ரசம், தயிர்சாதத் தாளிப்பு, இட்லிப்பொடி, அப்பளம் எல்லாவற்றிலும் இருக்கும். வடை பொரித்தது பூரி பொரித்த எண்ணெயில். சூட்டில் எல்லாம் போய்விடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். குளூட்டன் ஒரு புரதம். கிருமி மாதிரி எண்ணெயில் செத்துப்போகாது.

குளூட்டன் இல்லாதது என்று சொல்லி விற்க, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. 150 கிராம் தோசைக்குக் கணக்குப் போட்டால் 3 மில்லிகிராம். ஒரு டீஸ்பூன் மைதாவிலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். இவர்கள் விட்டது கரண்டிக் கணக்கில்.

இரண்டு மணி நேரத்தில் வாந்தி ஆரம்பித்தது. ராத்திரியே போன் செய்தேன். சூப்பர்வைசர், “மேனேஜர் இல்ல மேடம், காலைல கூப்பிடுங்க” என்றார். காலையில் மேனேஜர், “ஒரு சிட்டிகை பெருங்காயத்துக்கா இவ்ளோ?” என்றார். மைதாவைப் பற்றிக் கேட்டேன். “பில்லுல குளூட்டன் ஃப்ரீன்னு நாங்க எங்கயும் போடலையே.” மூன்றாவது முறை, அடுத்த வருகைக்கு 500 ரூபாய் தள்ளுபடி தருகிறாராம். அடுத்த வருகை! போட்டோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. 4,200 ரூபாயில் அந்த 300 ரூபாயைக்கூடத் திருப்பித் தரவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

அவசரமாகச் சில விஷயங்கள். “கோதுமை இருக்கா?” என்று கேட்காதீர்கள், சப்பாத்தி இல்லை என்ற அர்த்தத்தில் இல்லை என்பார்கள். மாவில் என்ன கலக்கிறீர்கள், பெருங்காய டப்பாவைக் காட்டுங்கள், இந்த எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறீர்கள் என்று மாஸ்டரிடமே கேளுங்கள். சிறுதானிய ஹோட்டல் என்றால் இரட்டைக் கவனம். சம்பா கோதுமை ரவையும் அந்த மெனுவிலேயே இருக்கும். தோசைக்கு வீட்டுத் தவாவைக் கொண்டுபோய்த் தனி அடுப்பில் போடச் சொல்லுங்கள், முடியாது என்றால் தோசையே வேண்டாம். ஃப்ரைடு ரைஸ் வேண்டாம், சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. பத்து கிளையோ அதற்கு மேலோ இருக்கும் ஹோட்டல்கள் அலர்ஜி விவரம் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். பணத்தை முன்னால் கட்டாதீர்கள், பில்லில் எழுதி வாங்காமல் கட்டவே கட்டாதீர்கள்.

இன்னும் நிறைய இருக்கிறது. உள்ளே கூப்பிடுகிறாள், வயிறு மறுபடி வலிக்கிறதாம். மீதி அப்புறம்.