பிளாக்மெயிலில் தபால் இல்லை: எடிம்ஆன்லைன் தளம், ஒரு மதிப்பீடு

ஆங்கிலக் கூட்டுச்சொல் ஒன்று எங்கிருந்து வந்தது என்று பார்க்க, காசில்லாமல் கிடைப்பவற்றில் முதலில் திறக்க வேண்டியது டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்த ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதித் தளமான எடிம்ஆன்லைன்தான். பதிவுகள் சுருக்கம், சுற்றி வளைக்காமல் நேரே வரலாற்றுக்குள் போய்விடும்.

பலர் கூட்டுச்சொல்லின் பதிவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டு பாதிகளையும் தனித்தனியே தேடினால்தான் முழுப் பயன். 'பிளாக்மெயில்' 16ஆம் நூற்றாண்டுச் சொல். ஸ்காட்லாந்து எல்லைப்பகுதியில் கொள்ளைக்காரர்களிடமிருந்து தப்பக் கொடுத்த கப்பம் அது. 'மெயில்' என்று தேடினால் ஒரே எழுத்தில் மூன்று சொற்கள் நிற்கும்: தபால், சங்கிலிக் கவசம், வாடகை. மூன்றுக்கும் வேர் வேறு. நமக்கு வேண்டியது வாடகை. பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழி) மொழியில் 'ஒப்பந்தம்' என்ற பொருளில் இருந்து வந்தது. 'நைட்மேர்' (கெட்ட கனவு) சொல்லிலும் இதே பொறி: அந்த 'மேர்' பெண்குதிரை இல்லை, தூங்குகிறவர் நெஞ்சில் ஏறி அமுக்கும் பேய். நம் ஊர் அமுக்குவான் பேயேதான்!

'பென்ட்ஹவுஸ்' (இன்று, மாடிக் கட்டடத்தின் உச்சி வீடு) இன்னும் வேடிக்கை. அது கூட்டுச்சொல்லே இல்லை. பிரெஞ்சிலிருந்து வந்த 'பென்டிஸ்' (ஒட்டிய சாய்ப்பு) காதில் விழுந்தபடி 'ஹவுஸ்' ஆகிவிட்டது. மாறாக, ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாகத் தெரியும் 'கேட்டமரான்' (ஒருவகைப் படகு) நம் கட்டு + மரம். அதையும் தளம் சரியாகவே பிரித்துக் காட்டுகிறது.

ஆண்டுக் குறிகளில் கவனம் தேவை. எண்ணுக்குப் பின் 'சி' வந்தால் நூற்றாண்டு, முன் வந்தால் 'ஏறத்தாழ'. உடுக்குறி (*) இட்ட வேர்ச்சொல் எழுத்தில் கிடைத்ததல்ல, அறிஞர்கள் ஊகித்து மீட்டது. தரப்படும் ஆண்டும் முதல் எழுத்துச் சான்றின் ஆண்டே. பேச்சில் அதற்கு முன்பே புழங்கியிருக்கலாம்.

பெரிய குறை, சான்று வரிகள் மிகக் குறைவு. எந்த நூலில், எந்த வாக்கியத்தில் என்று காட்ட வேண்டுமானால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிதான் கதி; அதற்குச் சந்தா வேண்டும், இல்லையேல் 1989இல் வந்த 20 தொகுதிகள் உள்ள நூலகம் வேண்டும்.

அச்சு நூல்களில் ஒரு சொல் எந்த ஆண்டில் எவ்வளவு வந்தது என்று காட்டும் கூகுள் என்கிராமில் சரிபார்ப்பவர்கள், சேர்த்து, பிரித்து, இணைகோடிட்டு என மூன்று வடிவங்களையும் தேட வேண்டும். 1800க்கு முந்தைய அச்சில் 'எஃப்' போலவே தெரியும் நீள 'எஸ்' (ſ) எழுத்தைக் கணினி பல இடங்களில் 'எஃப்' என்று படித்துவிடும். 'பென்ட்ஹவுஸ்' அங்கே 'எஃப்' போட்ட எழுத்துக்கூட்டலில் ஒளிந்திருக்கும். அதையும் தட்டிப் பாருங்கள்.